புல்லட்டின் உள்ளே மாறியவை

2021-ல் இரண்டு மோட்டார் சைக்கிள் கம்பெனிகள் தங்கள் பழைய வண்டிகளைப் பற்றி நேர் எதிரான முடிவுகளை எடுத்தன. 1978 முதல் விற்றுவந்த எஸ்ஆர்400 என்ற ஒற்றை சிலிண்டர் வண்டிக்கு யமஹா ஜப்பானில் விடை கொடுத்தது. ‘ஃபைனல் எடிஷன்’ என்று பெயரிட்டுக் கடைசித் தொகுதியை விற்றுக் கணக்கை முடித்தது. அதே ஆண்டு செப்டம்பரில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு புதிய கிளாசிக் 350-ஐ வெளியிட்டது. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் பழைய கிளாசிக்கேதான்: அதே உருண்டை டேங்க், அதே வட்ட ஹெட்லைட், அதே மட்கார்டு வளைவு. கழற்றிப் பார்த்தால் எஞ்சின் வேறு, சேஸி வேறு, பிரேக் வேறு.

எஸ்ஆர்400-க்குக் கடைசி நாள் வரை செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது. மாசு விதிகளுக்காக ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்த பிறகும் கிக்கரை உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். அந்தப் பிடிவாதத்தில் ஓர் அழகு இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அடுத்த விதிமுறை வந்தபோது, 43 ஆண்டு வயதான அடிப்படையை மேலும் இழுத்துக்கொண்டு போவது கட்டுப்படியாகவில்லை.

பேர் எடுத்த மாடலைத் திருத்திக்கொண்டே போவதா, புதிதாக ஒன்றைச் செய்வதா என்ற கேள்வி இந்தத் தொழிலில் ஓய்வதே இல்லை. கணக்குப் பார்ப்பவர்கள் முதல் கட்சி. அச்சுகளுக்கும் டைகளுக்கும் போட்ட முதல் எப்போதோ திரும்பிவிட்டது, இனி வருவதெல்லாம் லாபம். விற்பனைப் பிரிவு இரண்டாம் கட்சி. ஷோரூமில் காட்டப் புதிதாக ஏதாவது வேண்டும். எனக்கு இரண்டிலும் சேர மனமில்லை. பழைய வண்டியின் குறைகளுக்கு இத்தனை காலமும் விலை கொடுத்தது யார் என்று முதலில் கேட்க வேண்டும். ஓட்டுபவரும் தெருமுனை மெக்கானிக்கும் அந்த விலையைக் கொடுத்துக்கொண்டிருக்கும் வரை கம்பெனியின் கண்ணில் குறையே படாது. வண்டிக்கு ‘காலத்தை வென்றது’ என்ற பெயரும் கிடைத்துவிடும். கிளாசிக்கின் மூதாதையான புல்லட்டின் கதையில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம்.

புல்லட் 350 இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் 1949-ல் தயாரிப்புக்கு வந்தபோது அது முன்னேறிய வண்டி. பின்சக்கரத்துக்கு ஸ்விங்கிங் ஆர்ம் சஸ்பென்ஷன் வைத்திருந்தார்கள். அன்றைய போட்டி வண்டிகள் பலவற்றில் பின்பக்கம் ஸ்பிரிங்கே கிடையாது. எல்லைக் காவலுக்கு வண்டி தேடிய இந்திய ராணுவம் அதைத் தேர்ந்தெடுத்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து, இன்றைய ராயல் என்ஃபீல்டின் முன்னோடியான என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் கருவிகளும் வந்தன. முழு வண்டியும் இங்கேயே உருவாயிற்று. இங்கிலாந்துத் தாய்க் கம்பெனி 1970-ல் கடையைச் சாத்தியது. திருவொற்றியூர் நிற்கவில்லை. 1977-ல் அந்தப் பழைய வண்டி இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது.

இந்த நீண்ட ஆயுளை மெருகேற்றலின் வெற்றி என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அப்படி இல்லை. முதல் நாற்பது ஆண்டுகளில் நடந்ததில் பெரும்பகுதி மறுபதிப்புதான். லைசென்ஸ் ராஜ்ஜியத்தில் இன்னொருவர் வந்து போட்டி போடுவது சுலபமில்லை. ராணுவமும் போலீஸும் நிரந்தர வாடிக்கையாளர்கள். திருத்த வேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை.

அந்த வார்ப்பிரும்பு எஞ்சினைக் கிளப்புவதே ஒரு வித்தை. சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் ஆம்பியர் மீட்டரைப் பார்க்க வேண்டும். சாய்ந்திருந்த முள் நடுவுக்கு வந்ததும் நிறுத்தி, டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்தபடி கிக்கரை இன்னும் கொஞ்சம் நகர்த்தி, லீவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு ஒரே மிதி. முறை தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்காலும் கெண்டைக்காலும் வீங்கியவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். வேறு பைக் ஓட்டிப் பழகியவர் அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பார்.

அந்தக் குறைகளுக்கு நடுவே ஓர் அருமையான எளிமையும் இருந்தது. எஞ்சினின் வலப்பக்கத்தில் ஒரு சின்ன மூடி, ஒரே நட்டு. கழற்றினால் இரண்டு புஷ்ராடுகளும் கண்ணுக்குத் தெரியும். எஞ்சின் ஆறியிருக்கும்போது ராடு விரலால் திருப்பினால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. டேப்பெட் அட்ஜஸ்ட்மென்ட் அவ்வளவுதான். கேஜ் வேண்டாம், புத்தகம் வேண்டாம், விரல் போதும். பாயின்ட் செட் பண்ணுவது, டைமிங் வைப்பது, போர் போடுவது எல்லாம் இப்படியே குருவிடமிருந்து சீடனுக்குக் கைமாறின. இந்தியாவின் எந்தச் சிற்றூரில் புல்லட் நின்றாலும் அதைக் கிளப்பிவிட ஒருவர் இருந்தார் என்றால், அதற்கு இதுதான் காரணம். எந்தக் கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டிலும் ஏறாத சொத்து இது. புதிய மாடல் போட வேண்டும் என்று துடிப்பவர்கள், அந்த நாளில் இந்தச் சொத்தையும் கொளுத்துகிறோம் என்று யோசிப்பதில்லை.

ஆனால் அந்தக் கைதான் எஞ்சினிலிருந்து கசிந்த ஆயிலையும் வாரம் தவறாமல் துடைத்தது. ஆயில் ஒழுகவில்லை என்றால் உள்ளே ஆயில் இல்லை என்று அர்த்தம் என்பது புல்லட்காரர்களே சொல்லிச் சிரிக்கும் கிண்டல். கம்பெனி திருத்தியிருக்க வேண்டிய குறைகளை ஆயிரக்கணக்கான மெக்கானிக்குகள் ஆளுக்கொரு பட்டறையில், வாடிக்கையாளர் காசில், திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

1980களில் ஜப்பானியக் கூட்டில் 100 சிசி வண்டிகள் வந்து இறங்கின: ஓசூரிலிருந்து இந்த்-சுசுகி, வடக்கிலிருந்து ஹீரோ ஹோண்டா சிடி100, யமஹா ஆர்எக்ஸ்100. அப்போது என்ஃபீல்டு இந்தியா என்ன செய்தது என்பது பாடமாக வைக்க வேண்டிய விஷயம். ஜெர்மன் சுண்டாப் கம்பெனியின் வடிவங்களை எடுத்து, சில்வர் பிளஸ், எக்ஸ்புளோரர் என்ற 50 சிசி வண்டிகளையும் ஃப்யூரி 175 என்ற வண்டியையும் போட்டது. எதுவும் நிலைக்கவில்லை. 1990களில் டீசல் புல்லட்டும் வந்தது. மைலேஜ் உண்டு, வேகம் இல்லை. கையிருப்புப் பணமெல்லாம் தனக்குப் பழக்கமில்லாத புதிய வண்டிகளில் போயிற்று. பேர் சொல்லும் ஒரே வண்டி கசிந்தபடியே நின்றது. திருத்த வேண்டியதைத் திருத்தாமல், செய்ய வேண்டாததைச் செய்து, ஒரே நேரத்தில் இரண்டு தவறு.

1994-ல் ஐஷர் குழுமம் கம்பெனியை வாங்கியது. 2000-ல் சித்தார்த்த லால் பொறுப்பேற்றபோது மாதம் சுமார் 2,000 வண்டிதான் விற்றது. மூடிவிடலாம் என்ற பேச்சும் இருந்தது. ஐஷரின் மற்ற தொழில்கள் பெரும்பாலானவற்றை அவர் விற்றுவிட்டு, டிரக்கையும் புல்லட்டையும் மட்டும் வைத்துக்கொண்டார். அதற்குச் சற்று முன்பே, ஆஸ்திரியாவின் ஏவிஎல் நிறுவனத்தின் துணையோடு உருவான அலுமினிய எஞ்சின் 1999-ல் வந்திருந்தது. சூடு குறைந்தது, புகை குறைந்தது, மைலேஜ் கூடியது. புல்லட் ரசிகர்களோ முகம் சுளித்தார்கள். எஞ்சின் ஓட்டத்தின் அந்தப் பழைய தாளம் இல்லை என்றார்கள். ஆகவே வார்ப்பிரும்பு எஞ்சினும் அலுமினிய எஞ்சினும் ஏறக்குறையப் பத்தாண்டுகள் அக்கம்பக்கமாகவே தயாராயின.

கம்பெனி அந்த முகச்சுளிப்பை அலட்சியப்படுத்தவில்லை, அதற்குப் பணிந்தும் போகவில்லை. 2008-09-ல் அறிமுகமான யூசிஇ எஞ்சினைப் பார்த்தால் அது புரியும். பழைய புல்லட்டில் எஞ்சின் ஒரு பெட்டி, கியர்பாக்ஸ் பின்னால் தனிப் பெட்டி. இதில் எஞ்சின், கிளட்ச், கியர் மூன்றும் ஒரே கூட்டுக்குள் வந்தன; கசியும் மூட்டுகள் குறைந்தன. ஹைட்ராலிக் டேப்பெட் வந்ததால் விரலால் ராடு திருப்பும் வேலையே போயிற்று. கியர் எல்லா மாடலிலும் இடது காலுக்கு வந்துவிட்டது. ஆனால் 350-ல் சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டனின் ஓட்டம் 90 மில்லிமீட்டர் என்ற பழைய ரெட்டிச் அளவை அப்படியே வைத்தார்கள். விட்டத்தைவிட ஓட்டம் நீளமாக இருப்பதும் ஃப்ளைவீல் கனமாக இருப்பதும்தான் அந்தத் தாளத்தின் மூலம். எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று அவர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். அந்த எஞ்சினை 1950களின் உருவத்தில் பொதிந்து கிளாசிக் என்று விற்றபோது வண்டிக்கு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

2021-ல் கிளாசிக்குக்குள் போனது அதற்கும் அடுத்த தலைமுறை. ஓராண்டு முன்பு மீட்டியோர் என்ற வண்டியில் அறிமுகமான ஜே வரிசை எஞ்சின். புஷ்ராடு அடியோடு போய் ஓவர்ஹெட் கேம் வந்துவிட்டது. விட்டம் 72, ஓட்டம் 85.8, கொள்ளளவு 349 சிசி. அதிர்வைத் தின்ன ஒரு பேலன்சர் ஷாஃப்ட். சக்தி 20 குதிரைத்திறனை ஒட்டியே நிற்கிறது. பழையதிலிருந்து பெரிதாகக் கூடவில்லை. எழுபதாண்டுப் பழமையை முழுக்கப் பிரித்துப் புதிதாகக் கட்டிய பொறியாளர்கள், விளம்பரத்தில் போட்டுக்கொள்ள ஓர் எண்ணைக்கூடக் கேட்கவில்லை. இந்த அடக்கம் எல்லோருக்கும் வராது. கை அதிர்ந்து மரத்துப்போகாமல் நாள் முழுக்க ஓட்டலாம் என்பதுதான் வாடிக்கையாளருக்குக் கிடைத்தது. தாளம் மெலிந்துவிட்டது என்று இப்போதும் முணுமுணுப்பு உண்டு. 2023-ல் புல்லட் என்ற பெயரில் விற்கும் வண்டிக்குள்ளும் இதே எஞ்சின் போய்விட்டது.

விதிகளின் பங்கையும் சொல்லியாக வேண்டும். 2017-ல் பிஎஸ்-4, 2020-ல் பிஎஸ்-6, இடையில் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். இவை இல்லாமல் கம்பெனி தானாகவே இவ்வளவும் செய்திருக்குமா என்றால், நான் நம்பவில்லை. 2017-ல் பிஎஸ்-3 வண்டிகளின் விற்பனையை உச்ச நீதிமன்றம் ஒரே தேதியில் நிறுத்தியபோது மொத்தத் தொழிலும் பதறியதை நினைத்துப் பாருங்கள். ஓட்டுபவரின் கணுக்காலால் ஆகாத காரியம் அரசாணையால் ஆயிற்று.

இங்கிலாந்துக்காரர்கள் இதே கணக்கைத் தலைகீழாகப் போட்டார்கள். டிரையம்ஃபின் பெரிய இரட்டை சிலிண்டர் எஞ்சின், எட்வர்ட் டர்னர் 1937-ல் கொண்டுவந்த ஸ்பீடு ட்வின்னின் வாரிசு. முப்பது ஆண்டுகளில் கொள்ளளவையும் சக்தியையும் ஏற்றிக்கொண்டே போனார்களே தவிர, இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும் அமைப்பு மாறவில்லை. சக்தி ஏற ஏற அதிர்வும் ஏறியது. கிராங்க்கேஸ் செங்குத்தாக இரண்டாகப் பிளந்து மூடுவது. மூட்டு அடிவரை ஓடும், ஆயிலும் அங்கேதான் நிற்கும். 1969-ல் ஹோண்டா சிபி750 நான்கு சிலிண்டர், முன்பக்க டிஸ்க் பிரேக், செல்ஃப் ஸ்டார்ட்டோடு வந்து நின்றது. அதன் கிராங்க்கேஸ் கிடைமட்டமாகப் பிரிவது; மூட்டு அடிவரை ஓடுவதில்லை.

டிரையம்ஃபும் அதன் தாய்க் கம்பெனி பிஎஸ்ஏவும் அதற்குச் சொன்ன பதில் வேடிக்கையானது. 1971-ல் சட்டகக் குழாய்க்குள்ளேயே ஆயில் நிரப்பும் புதிய சேஸியைக் கொண்டுவந்தார்கள். இருக்கை உயரமாகிப்போய்ப் பலருக்குக் கால் எட்டவில்லை. பழைய எஞ்சினைப் புதிய சட்டகத்துக்குள் இறக்குவதே பாடாகி, தயாரிப்பு தள்ளிப்போனது. ஓட்டுபவர்கள் விரும்பிய சவாரியையும் உயரத்தையும் மாற்றினார்கள். வெறுத்த அதிர்வையும் கசிவையும் வைத்துக்கொண்டார்கள். டிரையம்ஃபின் போனவில் வண்டிக்கு செல்ஃப் ஸ்டார்ட் வர 1980 ஆயிற்று. பிரிட்டிஷ் அரசுக்காக பாஸ்டன் கன்சல்டிங் குரூப் 1975-ல் தயாரித்த அறிக்கை இன்னொரு நோயையும் காட்டியது: ஜப்பானியர்கள் சின்ன வண்டிகளில் நுழைந்தபோது லாபம் குறைகிறது என்று பிரிட்டிஷ் கம்பெனிகள் அந்தப் பிரிவை விட்டுக்கொடுத்தன, அடுத்த பிரிவில் நுழைந்தபோது அதையும். கடைசியில் ஒதுங்க இடமில்லை.

ஜெர்மனியில் பிஎம்டபிள்யூ இதற்கு எதிர்த்திசையில் தடுமாறியது. 1923 முதல் அதன் அடையாளமே இருபுறமும் சிலிண்டர் நீட்டிக்கொண்டிருக்கும் பாக்சர் எஞ்சின். அதன் காலம் முடிந்தது என்று முடிவு கட்டி, 1983-ல் நான்கு சிலிண்டரை நீளவாக்கில் படுக்கவைத்த கே100-ஐ வெளியிட்டார்கள். பெரிய பாக்சர்களை நிறுத்தவும் தொடங்கினார்கள். கே100 நல்ல வண்டி, விற்கவும் செய்தது. ஆனால் பாக்சர்காரர்கள் அதற்கு மாறவில்லை, பாக்சரைத்தான் கேட்டார்கள். கம்பெனி இறங்கிவந்தது. பழையதைத் தற்காலிகமாக நீட்டித்து, 1993-ல் ஆர்1100ஆர்எஸ் என்ற வண்டியில் நான்கு வால்வு, ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், முற்றிலும் புதிய முன் சஸ்பென்ஷன் என்று பாக்சரையே முதலிலிருந்து கட்டியது. 1983-லேயே அதைச் செய்திருந்தால் பத்து ஆண்டு மிச்சம்.

பெரிய வண்டிகள்தான் எப்போதும் பேச்சில் அடிபடும். சோறு போடும் வண்டிகளில் விஷயம் இன்னும் தெளிவு. டிவிஎஸ் எக்ஸ்எல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 1980-ல் வந்த டிவிஎஸ் 50-இன் வாரிசான அது, தமிழ்நாட்டில் காய்கறி மூட்டை, பால் கேன், மீன் கூடை, ஜவுளிப் பொட்டலம் என்று சுமக்காதது எது? எக்ஸ்எல் சூப்பரில் 69.9 சிசி டூ ஸ்ட்ரோக். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். 2015-ல் எக்ஸ்எல்100 வந்தபோது 99.7 சிசி ஃபோர் ஸ்ட்ரோக். எஞ்சின் இனமே மாறிவிட்டது. ஆனால் முன்னால் மூட்டை வைக்கும் தட்டை இடம் இருந்தது, பின்சீட்டைக் கழற்றிச் சுமை கட்டலாம், கியர் கிடையாது, வேட்டி கட்டியவரும் ஏறி உட்காரலாம். சுமைக்காரருக்கு வண்டி என்பது அந்தத் தட்டை இடம்தான். அதைத் தொட்டிருந்தால் நூறு சிசி அல்ல, இருநூறு சிசி கொடுத்திருந்தாலும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்.

பஜாஜ் சேட்டக்கில் இந்தக் கணிப்பு பிசகியது. 1972 முதல் நாட்டையே சுமந்த ஸ்கூட்டர். ஒரு காலத்தில் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பு, கைப்பிடியை முறுக்கிக் கியர் மாற்றுவது மக்களுக்குப் பிடித்திருக்கிறது என்று கம்பெனியை நம்பவைத்திருக்க வேண்டும். 2001-ல் கியர் இல்லாத ஹோண்டா ஆக்டிவா வந்ததும் உண்மை தெரிந்தது. ஸ்கூட்டர் ஓட்டாத பெண்களும் முதியவர்களும் ஒரு பெரிய சந்தையாக அதுவரை வெளியே நின்றிருக்கிறார்கள். பஜாஜ் பெட்ரோல் ஸ்கூட்டரையே கைவிட்டது. சேட்டக் என்ற பெயர் பிற்பாடு மின்சார வண்டியில்தான் திரும்பி வந்தது. இத்தனைக்கும் சேட்டக்கை விரும்பியவர்களைத்தான் அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாங்காதவரை யாரும் கேட்கவில்லை. பழைய மாடலைத் திருத்துவோர் சறுக்கும் இடம் பெரும்பாலும் இதுவே.

புதிய வண்டியே வேண்டிய இடங்களும் உண்டு. வேலையே புதிதாக இருந்தால் பழைய எஞ்சினை இழுத்து நீட்டிப் பயனில்லை. 2016-ல் ஹிமாலயனை அறிமுகப்படுத்தியபோதே ராயல் என்ஃபீல்டு 411 சிசியில் தனி எஞ்சின் செய்தது. மலையேற்றத்துக்கு அதுவும் போதாது என்று ஆனபோது, 2023-ல் 452 சிசியில் தண்ணீரால் குளிரும் எஞ்சினை முதலிலிருந்து கட்டியது. சக்தி ஏறக்குறைய 40 குதிரை. நீண்ட ஓட்டமும் கனத்த ஃப்ளைவீலும் கொண்ட 350-ஐ எப்படித் திருத்தினாலும் இந்த வேலைக்கு வராது. அதே சமயம் கிளாசிக்கை நிறுத்திவிட்டு எல்லோரும் இதற்கு மாறுங்கள் என்று கம்பெனி சொல்லவில்லை. 2024-25 நிதியாண்டில் அதன் மொத்த விற்பனை 10 லட்சத்தைத் தாண்டியபோது, பெரும்பங்கு அந்த 350-களிடமிருந்தே வந்தது. அந்த வருமானம்தான் இந்தப் பரிசோதனைக்குப் படியளக்கிறது. மீட்டியோர், ஹன்டர், கிளாசிக், புல்லட் எல்லாம் ஒரே ஜே எஞ்சினின் வெவ்வேறு சட்டைகள். இதில் எது பழைய மாடல், எது புதிய மாடல் என்று பிரிக்கப் போனால் திண்டாட வேண்டியதுதான்.

என் மனக்குறை வேறிடத்தில் இருக்கிறது. வார்ப்பிரும்பு எஞ்சின் போனதோடு கசிவும் கிக்கர் அடியும் போயின, நல்லது. கூடவே தெருமுனை மெக்கானிக்கின் கைவேலையும் போய்க்கொண்டிருக்கிறது. இன்ஜெக்‌ஷன் கோளாறு என்று விளக்கு எரிந்தால், பிழைக் குறியீட்டைப் படிக்கும் கருவி வேண்டும். பல சமயம் கம்பெனி சர்வீஸுக்குத்தான் தள்ளிக்கொண்டு போக வேண்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் பழுதுபார்க்கும் உரிமைக்கான திட்டத்தில் வாகனங்களையும் சேர்த்து, கையேடும் உதிரிபாக விவரமும் பொதுவில் கிடைக்க ஓர் இணையவாசலைத் திறந்தது. நல்ல தொடக்கம், கட்டாயம் என்று சொல்ல முடியாது. எஞ்சினை உள்ளிருந்து புதுப்பிக்கும் கம்பெனி, அந்தப் புதிய உள்பக்கத்தைப் பட்டறைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் செலவையும் வடிவமைப்புச் செலவோடு சேர்த்தே எழுத வேண்டும். ஊர் ஊராக வகுப்பு, குறைந்த விலையில் குறியீடு படிக்கும் கருவி, தமிழிலும் இந்தியிலும் கையேடு என்று தொடங்கினால் அது எஞ்சின் ஆய்வுக்கு ஆகும் தொகையில் ஒரு துணுக்குதான் இருக்கும். 1960களில் திருவொற்றியூர் வண்டிக்கு இந்தச் செலவு தேவைப்படவில்லை. அந்த எஞ்சினைக் கழற்றிய எவருக்கும் அது தன்னைத் தானே சொல்லிக்கொடுத்தது. ஜே எஞ்சின் அப்படிச் சொல்லிக்கொடுப்பதில்லை.